கத்திரி முடிவதற்குள் ஒரு கல்யாணம்: கைமாற்றிப் படிக்க ஒரு லேசான நாவல்

மாடிப்படி | மே 3, இரவு 9.50

நாளைக்குக் கத்திரி ஆரம்பம். 28ஆம் தேதி வரை பகல் பதினொரு மணிக்கு மேல் தெருவில் தலை காட்ட முடியாது. இந்த வெக்கையில் கனமான புத்தகம் எதை எடுத்தாலும் நாலாவது பக்கத்தில் கண் சொருகிவிடுகிறது. போன மாதம் தலையணை மாதிரி ஒரு நாவலைத் தொடங்கினேன். இப்போது அது தலையணையாகவேதான் இருக்கிறது.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' என்னிடம் உபரியாக ஒரு பிரதி இருக்கிறது. பாரதி சாலை பிளாட்பாரத்தில் 60 ரூபாய்க்கு வாங்கினேன் (பைகிராஃப்ட்ஸ் ரோடு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது). அட்டை கொஞ்சம் கிழிசல், உள்ளே சுத்தம். சென்னைக்குள் இருப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படிக்கலாமா? ஆளுக்கு நாலு நாள். கூரியர் வேண்டாம், கையிலிருந்து கைக்கு. மாம்பலம் ஸ்டேஷன் எல்லோருக்கும் நடுவாக இருக்கும்.

கதை தெரியாதவர்களுக்கு: ராக்ஃபெல்லர் வீட்டுச் சீமாட்டி ஒருத்திக்கு நம்மூர்க் கல்யாணம் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கு வேண்டியவர்கள் அவ்வளவு பேரும் இந்தியாவுக்கு வந்து பார்க்க முடியாது, அதனால் கல்யாணத்தையே வாஷிங்டனுக்கு வரவழைத்துவிடுகிறாள். தஞ்சாவூர் பாணியில், ஒன்று குறையாமல், எல்லாம் அவள் செலவில். மற்றதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் லோகோ | மே 3, இரவு 10.25

முதல் ஆள் நான். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கே இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மாம்பலம். ரிட்டையர் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

புறநகர் ரயில் வந்து நிற்கும் இடத்துக்கு இன்னமும் மூர்மார்க்கெட் என்றுதான் பெயர். 1985ல் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே எடைக்கு எடை போட்டது மாதிரி புத்தகம் வாங்கியிருக்கிறேன். துப்பறியும் நாவல்தான் அதிகம், அட்டை இல்லாததாகப் பார்த்து வாங்கினால் விலை பாதி. இப்போது பக்கத்தில் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் பேரம் பேசித் தோற்ற சுகம் அங்கே கிடைக்கவில்லை.

சாவியைப் பத்திரிகை ஆசிரியராகத்தான் எனக்குத் தெரியும். தினமணி கதிர், குங்குமம், அப்புறம் அவர் பெயரிலேயே வந்த 'சாவி'. நாவல் படித்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அரைப்பக்கம் | மே 4, காலை 7.15

ஒரு சந்தேகம். வெயில் என்றால் லேசான புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் கரிசல் நாவல்கள் எல்லாம் படித்தது மே மாதத்தில்தான். வெயிலைப் பற்றி வெயிலில் படித்தால் இன்னும் நன்றாக ஏறும்.

லேசாகத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' புத்தகத்துக்கு. 1889ல் வந்தது. தேம்ஸ் நதிக்கு ஒழுங்கான பயண வழிகாட்டி எழுதத்தான் மனுஷன் உட்கார்ந்தார், சிரிப்பு வந்து வழிகாட்டியை ஓரம் கட்டிவிட்டது. அன்னாசிப்பழ டின் இருக்கும், திறக்கக் கருவி இருக்காது. மூன்று பேரும் படகின் பாய்மரக் கம்பத்தை வைத்து அந்த டின்னை அடிக்கும் இடத்தைப் படித்துவிட்டு நான் ஒரு வாரம் எந்த டப்பாவைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படி | மே 4, மாலை 6.40

அரைப்பக்கம் தம்பி, அதையும் சுற்றுக்கு விடலாம், பிரதி உங்களுடையதா? இருந்தால் ஜூனில் வையுங்கள்.

ஏன் சாவி என்று கேட்டால் கொஞ்சம் சொந்தக் கதை சொல்ல வேண்டும். 1960களில் இது ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கோபுலு படம் போட்டார். அம்மா அப்போது மேற்கு மாம்பலத்தில் ஆறு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் இருந்தார். வீட்டுக்கு ஒரே விகடன். ஆறு குடித்தனமும் முறைவைத்துப் படிக்க வேண்டும். எல்லோரும் படித்து முடித்த பிறகு தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைக்கும் உரிமை அம்மாவுக்கு. அதற்காகக் காசு பங்கில் மாதம் நாலணா கூடக் கொடுத்தாராம்.

கோணி தைக்கும் ஊசியால் தானே தைத்து, மேலே காலண்டர் அட்டை ஒட்டிய பைண்டிங். இன்னமும் இருக்கிறது. பக்கங்கள் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டன, திருப்பும்போது ஓரம் பொடியாக உதிர்கிறது. கதை முடிந்த பக்கத்துக்குப் பின்னால் கூந்தல் தைலம், ரேடியோ விளம்பரங்கள். ஒரு பக்கத்தில் யாரோ பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை. பக்கத்துப் போர்ஷன் மாமி ரயிலில் படிக்க எடுத்துப்போய்த் திருச்சியில் யார் வீட்டிலோ விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த மாமியை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோடை லீவில் அம்மா இந்தப் பைண்டிங்கைத்தான் வாசித்துக் காட்டுவார். மத்தியானம், சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரத்தின்மேல் பாய் போட்டு. அந்த விட்டுப்போன வாரம் வந்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கதையைத் தானே சொல்வார். மொட்டைமாடியில் காயப்போட்ட அப்பளங்கள் ஒரு சூறைக்காற்றில் பறந்து வாஷிங்டன் பூராவும் விழுந்ததாகவும், ஒன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் விழுந்ததாகவும், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அதை எடுத்துக் கடித்துப் பார்த்ததாகவும்.

நாற்பது வருஷம் அதுதான் கதை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நந்தனத்தில் ஒரு ஜனவரிப் புத்தகக் காட்சியில் அச்சுப் புத்தகம் வாங்கி முதல் வேலையாக அந்த இடத்தைத் தேடினேன். காற்றும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. அந்த வாரத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன், படிக்கப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் அம்மாவின் வாரம் இல்லாத அந்தப் புத்தகம் எனக்கு என்னவோ குறைப்பிரதி மாதிரியே பட்டது.

பிளாட்பாரத்தில் அதே புத்தகத்தை மறுபடி பார்த்ததும் விட மனசில்லை. உபரி வந்த கதை இதுதான்.

நங்கநல்லூர் வாசகி | மே 4, இரவு 8.05

மாடிப்படி அக்கா, இதைப் படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவர் வாசிக்கும்போது நாங்கள் "ம்" கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார்.

நான் இந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். நம் கல்யாணத்தில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சமாச்சாரங்கள்தான் அதில் பெரிய காரியம். அப்பளம் இட வேண்டும், அதற்குப் பாட்டிகள் வேண்டும், பாட்டிகளை விமானத்தில் ஏற்ற வேண்டும். சம்பந்திச் சண்டை, ஜானவாசம் (மாப்பிள்ளை ஊர்வலம்) எல்லாவற்றுக்கும் அமெரிக்காக்காரர்கள் ராக்கெட் விடுவது மாதிரி ஏற்பாடு செய்கிறார்கள். யாரும் யாரையும் மட்டம் தட்டுவதில்லை, சீமாட்டிக்கும் பாட்டிகள்மேல் மரியாதை, பாட்டிகளுக்கும் அவள்மேல் வாஞ்சை. எல்லோரும் பயபக்தியோடு காரியம் செய்கிறார்கள், படிக்கிற நமக்குத்தான் வயிறு வலிக்கிறது.

கோபுலு படத்தோடு தொடராகப் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கும் அவர்தான் வரைந்தார், அந்த நாதஸ்வரக்காரரின் முகம் இன்னமும் கண்ணில் நிற்கிறது. அவர் கோட்டில் ஒரு பாட்டியின் இடுப்பு வளைவைப் பார்த்தாலே அவருக்கு எத்தனை பேரன் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலாவது தடவை படிக்கிறேன்.

பெரம்பூர் லோகோ | மே 9, இரவு 9.10

படித்து முடித்தேன். இரண்டே நாள். மின்சார ரயிலில் உட்கார்ந்து தனியாகச் சிரிப்பவனைப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருகிறார் என்பது நான் கண்டுபிடித்த உண்மை. வண்ணாரப்பேட்டையைத் தாண்டுவதற்குள் எனக்கு மட்டும் மூன்று பேர் உட்காரும் சீட் முழுசாகக் கிடைத்துவிட்டது. பெரம்பூரில் ஏறினால் வண்ணாரப்பேட்டை எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், அன்றைக்குப் பீச் போகிற வண்டியில் ஏறிவிட்டேன்.

ஒரு குறை உண்டு. அப்பளம் எப்போது பறக்கும், எப்போது பறக்கும் என்று பார்த்துக்கொண்டே படித்தேன். இல்லை என்று நீங்கள் முன்னாலேயே சொல்லியும் மனசு கேட்கவில்லை. உங்கள் அம்மா சொன்னதைச் சாவி எழுதியிருக்க வேண்டும்.

ராயபுரம் கருவாடு | மே 13, இரவு 11.30

லோகோ சாரிடமிருந்து வாங்கி நானும் முடித்துவிட்டேன். சிரித்தேன், மறுக்கவில்லை. பாட்டிகள் வருகிற இடத்தில் டீ மூக்கில் ஏறியது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். உலகத்துக்குக் காட்டப்போகும் தமிழ்க் கல்யாணம் என்று எடுத்தால் அது ஒரே ஒரு சாதியின் கல்யாணம்தானா? எங்கள் வீட்டில் ஜானவாசம் கிடையாது. பேண்டு செட் உண்டு, முதல் நாள் ராத்திரி அண்டா அண்டாவாக பிரியாணி உண்டு, மாமன் சீர் ஊர்வலம் உண்டு, அதில் பித்தளைக் குடம் எத்தனை என்று எண்ணுவதற்கென்றே நாலு அத்தைகள் உண்டு. அவர்களையும் விமானத்தில் ஏற்றினால் வாஷிங்டன் தாங்காது. அப்படி ஒரு நாவலை யாரும் எழுதவில்லை, அல்லது என் கைக்கு வரவில்லை. தமாஷ் நாவல் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதா?

அரைப்பக்கம் | மே 14, காலை 7.05

கேட்கலாம். கேட்க வேண்டும். சிரிப்பு எழுத்தைக் கேள்வி கேட்காமல் விடுவதும் அதை மதிக்காததுதான்.

நங்கநல்லூர் வாசகி | மே 14, காலை 10.20

கருவாடு தம்பி, நியாயமான பேச்சு. எனக்கு நெருக்கமாக இருப்பதால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றைக்குப் பத்திரிகை நடத்தினவர்கள், எழுதினவர்கள், வாங்கிப் படித்தவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள் மாதிரிதான். நகைச்சுவை எழுத்தாளர் தேவனின் நாவல்களிலும் அப்படித்தான். அவர் 1957ல் தம் 43ஆவது வயதிலேயே போய்விட்டார், அவ்வளவு சிரிக்க வைத்தவர், ஆனால் அவர் கதையில் வருகிற வீடுகள் எல்லாம் எனக்குத் தெரிந்த வீடுகள்தான். உங்களுக்கு அப்படி இருந்திருக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் நாலு அத்தைகளை ஒரு பத்தியில் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். அதை ஏன் மேலே எழுதக் கூடாது?

ராயபுரம் கருவாடு | மே 14, மதியம் 1.15

மேடம், என்னை எழுத்தாளர் ஆக்கப் பார்க்கிறீர்கள். மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். குடம் எண்ணிய அத்தையில் ஒருவர் இன்னும் இருக்கிறார், எழுதினால் என்னைத்தான் எண்ணுவார்.

நங்கநல்லூர் வாசகி | மே 18, மாலை 5.30

எல்லோரும் என்னைத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கு ஒரு விபத்து.

மாமியார் ஜவ்வரிசி வடாம் இட்டிருந்தார். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து. காலையில் சீக்கிரமே இட்டுவிட்டு அவர் இறங்கிவிட்டார், காக்காய் விரட்டும் வேலை எனக்கு. கையில் குச்சி, மடியில் சாவி. தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் எப்போது கண்ணசந்தேன் என்று தெரியவில்லை. காக்காய் கத்துகிற சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தால், புத்தகம் மடியிலிருந்து நழுவிக் கூழ் வைத்திருந்த பாத்திரத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே. மிச்சக் கூழ்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பூரி கட்டைப் பலகையில் சுற்றிவைக்கும் மெல்லிய துணியைக் கொடுத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் பிரித்தபோது பிரிந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கூழ் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும் போலிருக்கிறது, விட்டுவிட்டேன். பச்சைமிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சம்பழமும் கலந்த வாசனை.

மாமியாருக்குப் புத்தகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. "கூழ்ல புஸ்தகத்தப் போட்டியே, அதுல மசி ஒட்டியிருக்குமே" என்று மிச்சத்தைக் கொட்டிவிட்டார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. வேண்டுமானால் புதுப் பிரதி வாங்கித் தந்துவிடுகிறேன்.

மாடிப்படி | மே 18, மாலை 6.00

புதுப் பிரதி எதற்கு? அப்பளப் புத்தகத்தில் வடாம் ஒட்டியிருக்கிறது, இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்? அப்படியே அடுத்தவருக்குக் கொடுங்கள்.

அரைப்பக்கம் | மே 23, இரவு 10.00

வாங்கிக்கொண்டேன், வடாம் வாசனையோடு. வீட்டில் இந்த வாரம் மத்தியானம் ஆனால் கரண்ட் போகிறது. அதனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். தெரியாதவர்களுக்கு: அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. 2010ல் திறந்த நாளிலிருந்து போய்வருகிறேன், அந்தப் பிரிவில் தமாஷ் நாவலோடு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

என்னைச் சுற்றி அத்தனை பேரும் டிஎன்பிஎஸ்சி படிக்கிறார்கள். ஐந்தாண்டுத் திட்டம், அரசியலமைப்புச் சட்டம், பச்சை மஞ்சள் ஹைலைட்டர். நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இருந்த பெண் ஒரு துண்டுச் சீட்டில் "என்ன புக் அண்ணா?" என்று எழுதித் தள்ளினாள். பெயர் எழுதிக் கொடுத்தேன். "பரீட்சை முடிஞ்சதும்" என்று அவளே எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

கனமான புத்தகம் படித்தபோது ஒருவரும் என்னை என்ன புத்தகம் என்று கேட்டதில்லை. கருவாடு சொன்ன குறை எனக்கும் உண்டு. ஆனாலும் முடித்ததும் யாரிடமாவது ஒரு பக்கத்தையாவது வாசித்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாசித்தேன். அவர் சிரித்து நான் பார்த்து நாளாகிறது.

பெரம்பூர் லோகோ | மே 24, காலை 8.45

தம்பி, அடுத்து ஆள் இல்லையென்றால் ஒரு தரம் எனக்கே திருப்பிக் கொடுங்கள். ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

பெரம்பூர் லோகோ | மே 27, இரவு 9.30

வேலை முடிந்தது. புத்தகத்தின் கடைசியில் இரண்டு வெள்ளைத் தாள் சும்மா கிடந்தது. அதில் மாடிப்படியின் அம்மா சொன்ன விட்டுப்போன வாரத்தைப் பென்சிலில் எழுதிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் யாராவது வேண்டாம் என்பீர்கள். சூறைக்காற்று, அப்பளம் பறப்பது, வெள்ளை மாளிகை, போலீஸ்காரர் எடுத்துக் கடிப்பது எல்லாம் இருக்கிறது. கடித்தவுடன் அவர் பாட்டிகளுக்கு ஒரு சல்யூட் அடிப்பதாக நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். தலைப்பு: "திருச்சியில் விட்டது."

இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. கருவாடு தம்பி, நாலு அத்தைகளுக்கு அது போதுமா?

ராயபுரம் கருவாடு | மே 27, இரவு 9.55

குடத்துக்கே போதாது சார். சரி, சின்ன எழுத்தில் எழுதிப் பார்க்கிறேன்.

மாடிப்படி | மே 30, மாலை 7.20

நேற்று மாம்பலம் ஸ்டேஷனில், ரங்கநாதன் தெரு இறங்கும் படிக்கட்டில் லோகோ சாரிடமிருந்து புத்தகத்தை வாங்கினேன். மழை வருகிற மாதிரி ஒரு காற்று, வரவில்லை. புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தேன்.

இன்று மத்தியானம் அம்மாவிடம் அந்தக் கடைசிப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம், சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. வடாம் ஒட்டின பக்கத்தை மோந்து பார்த்து, "உப்பு பத்தாது" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். போலீஸ்காரர் அப்பளத்தை எடுத்துக் கடிக்கும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யார் எழுதினா இது? போலீஸ்காரன் எங்கடி கடிச்சான்? அவன் குதிரை கடிச்சுது. தின்னுட்டு அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டு அப்பறம்தான் அவன் கடிச்சான்."

லோகோ சார், குதிரையைச் சேர்க்க ஓரத்தில் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பென்சிலோடு வாருங்கள், அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.